தூரத்துப் படிப்பும் பொதிகை எக்ஸ்பிரஸும்

"வீட்டுல இருந்தே படிக்கலாம்னு சொல்லுததுக்கா சார், மெட்ராஸ் வரைக்கும் போறீய?"

கேட்டவர் எங்கள் பள்ளிக்கூடத்து முக்கு டீக்கடை அண்ணாச்சி. என் கையில் தொலைநிலைக் கல்வி, கல்வித் தொழில்நுட்பம் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கின் அழைப்பிதழ். சங்கரன்கோவிலில் இருந்து சென்னை 600 கிலோமீட்டர் சொச்சம். பதில் தோன்றாததால் வடையைக் கடித்தேன்.

பொதிகையில் ஆர்.ஏ.சி.தான் கிடைத்தது. அதாவது பாதிப் படுக்கை. மறுபாதிக்கு ராஜபாளையத்தில் ஒரு பெரியவர் ஏறினார். அவர் காலை நீட்டினார், நானும் நீட்டினேன். விருதுநகர் தாண்டுவதற்குள் சம்பந்தி பேசும் அளவுக்கு நெருங்கிவிட்டோம்.

தொலைநிலைக் கல்வி எனக்குப் புதிதல்ல. என் எம்.ஏ.வே அஞ்சல்வழிதான். அப்போது அதற்குச் செல்லப்பெயர் 'கரஸ்'. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும் அண்ணாமலை 1979-லும் தபாலில் பாடம் அனுப்பத் தொடங்கிய பிறகு, தென்மாவட்டங்களில் தறி ஓட்டிக்கொண்டும் கடையில் கணக்கு எழுதிக்கொண்டும் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். என் படிப்பை என்னைவிடக் கவலையோடு கண்காணித்தவர் தபால்காரர். "போன கட்டையே திண்ணையில இருந்து எடுக்கலையே தம்பி, அடுத்தது வந்துட்டு" என்பார். இன்றைய ஆப்கள் அனுப்பும் எந்த நினைவூட்டலும் அந்தக் குரலுக்கு ஈடாகாது.

கருத்தரங்கில் குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி முடிக்கவே பதினொன்றரை ஆகிவிட்டது. பிறகு வரலாறு. 1840-லேயே இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் தபாலில் சுருக்கெழுத்து சொல்லிக்கொடுத்தார் என்று ஆரம்பித்தார் முதல் பேச்சாளர். அடுத்தவர், அதெல்லாம் இல்லை, முதல் தொலைநிலை மாணவன் ஏகலைவன்தான் என்றார். மூன்றாமவரும் ஏகலைவன். நான்காமவர் "மகாபாரதத்திலே..." என்று வாயெடுத்ததும் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தன் கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டார். ஏகலைவன் கதையில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். பாடம் ஒன்றும் அனுப்பாமல் கட்டணத்தை மட்டும் கறாராக வசூலித்த முதல் நிறுவனம் அது.

மதியத்துக்கு முன் ஒருவர் உருப்படியாகப் பேசினார். 1975-ல் நாசாவிடம் ஒரு செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வழியே பாடம் கொண்டுபோனார்கள். கரண்டே எட்டிப்பார்க்காத சில ஊர்களில் பேட்டரியில் பெட்டியை ஓட்டினார்களாம். 2004-ல் கல்விக்கென்றே எஜுசாட் என்று நாமே ஒன்றை ஏவினோம். படம் காட்டுகிறேன் என்று அவர் மடிக்கணினியைச் செருகினார். திரை நீலமாகவே நின்றது. ஒருவர் கேபிளை ஆட்டினார்; இன்னொருவர் ஊதினார். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளோடு பேசிய நாடு, ஒன்றரை மீட்டர் கேபிளிடம் தோற்றுப்போனது. எங்கள் ஊரில் எந்த நோவுக்கும் கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைப் பூசுவோம். சட்டைப்பையில் ஒரு பொட்டலம் இருந்தது. புரொஜெக்டருக்குப் பூசலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

கருத்தரங்கைப் பன்னாட்டுக் கருத்தரங்கு ஆக்கியவர் மலேசியாவில் இருந்து திரையில் தோன்றிய பேராசிரியர். அழகாக வாயசைத்தார். "சார், மியூட்!" என்று அரங்கமே கத்தியது. சென்னையில் கூடிக் கத்தினால் கோலாலம்பூருக்குக் கேட்கும் என்று தொழில்நுட்ப அறிஞர்களே நம்பியதை அன்றுதான் பார்த்தேன். அவர் புன்னகையோடு இருபது நிமிடம் பேசி முடித்தார். நாங்களும் கைதட்டினோம்.

இனி எல்லாமே ஹைபிரிட், பாதி நேரில், பாதி ஆன்லைனில் என்று ஓர் அம்மையார் புதுச்செய்தி போலச் சொன்னார். பாதி சிவன், பாதி விஷ்ணுவாகச் சங்கரநாராயணர் நிற்கும் ஊர்க்காரனுக்கு இதில் என்ன வியப்பு? அதுவும் அந்தக் காட்சியைப் பார்க்க அம்பாள் ஒற்றைக்காலில் தவம் இருக்க வேண்டியிருந்தது. ஆடித்தபசுக்கு இன்றும் ஊரே நேரில்தான் திரள்கிறது.

சாப்பாட்டில் பிரியாணி என்று ஒன்று போட்டார்கள். பிரியாணிக்குப் பேர்போன சங்கரன்கோவில்காரன் அதைப் பற்றிப் பேசக்கூடாது.

என் கட்டுரைக்கு ஏழு நிமிடம். கொரோனா காலத்தில் விசைத்தறி வீடுகளுக்கு வாட்ஸ்அப்பில் பாடம் நடத்திய கதை. பள்ளிகள் மூடியபோது, 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருந்தது. ஆனால் வீட்டில் டிவியும் தறியும் ஒரே அறையில். தறியை நிறுத்தினால் கூலி நிற்கும். அதனால் பாடம்தான் நின்றது. போன் ஒன்றே ஒன்று. அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். காலை ஒன்பது மணி வருகைப்பதிவுக்கு இரவு பத்தரைக்கு "உள்ளேன் ஐயா" வரும். ஒரு பிள்ளையிடம் வாய்ப்பாடு கேட்டேன். "தடக் தடக்" சத்தத்துக்கு நடுவே தாளம் தப்பாமல் பதினாறாம் வாய்ப்பாட்டைப் பாட்டாகவே சொல்லி முடித்தாள். தறி நின்ற நாளில் கேட்டால் திக்கினாள். இதன் காரணத்தைச் சொல்ல வாயெடுத்தேன், மணி அடித்துவிட்டார்கள். நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது. பேராசிரியரின் மௌன உரைக்குப் போன நேரத்தை என்னிடம் பிடித்துக்கொண்டார்கள்.

ஊர் திரும்பியதும் தலைமையாசிரியர் ஓ.டி.க்கு, அதாவது பணிநிமித்தம் போனதாகக் காட்ட, சான்றிதழ் கேட்டார். அமைப்பாளர்களுக்குப் போன் போட்டேன். தயாராக இருக்கிறதாம்.

"மெயில்ல அனுப்பிடுங்க சார்."

"அதெல்லாம் செல்லாது சார். அசல்ல கையெழுத்து இருக்கு. நேர்ல வந்துதான் வாங்கிக்கணும்."

டீக்கடை அண்ணாச்சி கிளாசைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"ஏசி தட்கல் பத்து மணிக்குத் திறக்கும் சார்" என்றார்.