இன்ஜினீயர் வாத்தியாராகலாமா?

கேள்வி: சென்னையில் பத்து வருடம் சிவில் இன்ஜினீயராக இருந்தேன். ஊரோடு வந்து கணக்கு வாத்தியாராக ஆசை. குறுக்கு வழி உண்டா?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: குறுக்கு வழி கிடையாது, கதவு திறந்தேதான் இருக்கிறது. பி.இ.க்காரர்கள் பி.எட். முடித்து டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினால் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை கணக்கு நடத்தலாம் என்று 2019-லேயே தமிழக அரசு ஆணை போட்டுவிட்டது. அரசுப் பள்ளி என்றால் அதற்குமேல் போட்டித் தேர்வும் உண்டு. பி.எட். இப்போது 2 வருடம். அஞ்சல் வழியை நம்பாதீர்கள், அது ஏற்கெனவே பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கு. பாளையங்கோட்டையிலேயே படிக்கலாம். கரும்பலகையைப் பார்த்தே எழுதிக்கொண்டிருந்தால் கடைசி பெஞ்ச் கச்சேரியை ஆரம்பித்துவிடும்; பிள்ளைகள்மேல் ஒரு கண் வைத்தபடியே எழுதுவதைப் பயிற்சி வகுப்பில் கற்பீர்கள். வாத்தியாரான பிறகு பிள்ளைகளைத் திருநெல்வேலி சுலோச்சன முதலியார் பாலத்துக்குக் கூட்டிப்போய், அதன் வளைவுகளைக் காட்டி வட்டத்தை நடத்துங்கள். அதற்கு உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்? சீக்கிரம் விண்ணப்பம் போடுங்கள்!