ஆடாமலே ஓய்ந்தவர்

பாகிஸ்தான் கால்பந்து அணியின் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவருக்குப் பிரிவுபசார உரை எழுதவேண்டும் என்று வையுங்கள். பெயர் வேண்டாம். அவர் தலைமுறையில் யார் பெயரைப் போட்டாலும் உரை ஒன்றுதான்.

2015 மார்ச்சில் அவருக்கு 24 வயது. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் யேமனோடு ஆட்டம். லாகூரில் தேவாலயங்களில் குண்டு வெடித்ததால் ‘சொந்த மண்’ ஆட்டம் பஹ்ரைனுக்குப் போனது. கோல் இல்லாத சமன். ஊருக்கு வந்து ஜெர்சியைத் துவைத்து மடித்து வைத்தார். தேசிய சீனியர் அணி அடுத்த ஆட்டம் ஆடியது 2018 செப்டம்பரில்.

மூன்றரை வருஷம்! முட்டி சவ்வு கிழிந்ததா? எலும்பு முறிந்ததா? அதெல்லாம் ஒன்றுமில்லை, லாகூரில் நாற்காலிச் சண்டை. 2003இல் கால்பந்து சங்கத் தலைவராக உட்கார்ந்த முன்னாள் அமைச்சர் ஃபைசல் சாலே ஹயாத்துக்கு எழுந்திருக்கும் யோசனை இல்லை. 2015 தேர்தலில் சங்கம் இரண்டு கோஷ்டியாகப் பிளந்தது. வழக்கு நீதிமன்றம் போய், நீதிமன்றம் ஒரு நிர்வாகியை உட்கார்த்தி, அது வெளியார் தலையீடு என்று ஃபிஃபா 2017 அக்டோபரில் தடை போட்டது. வக்கீல்கள் ஆடினார்கள், ஆட்டக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுக்கள ஆட்டக்காரருக்கு என்ன வேலை? எத்தனை பேர் மோதினாலும் பந்தைக் காலடியிலிருந்து விடக்கூடாது. அந்தக் கலையில் சங்கத்துப் பெரியவர்களை மிஞ்ச ஆளில்லை. என்ன, ஆட்டக்காரன் கடைசியில் பந்தை இன்னொருவனுக்குக் கொடுத்தாக வேண்டும். இவர்களுக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது.

தடை நீங்கி, சில ஆட்டங்கள் ஆடி, 2019 ஜூனில் கம்போடியாவிடம் இரண்டு முறை தோற்றார்கள். இந்தத் தடவை ‘சொந்த மண்’ கத்தாரில் இருந்தது. அப்புறம் மறுபடி ஜெர்சி பெட்டிக்குள். ஃபிஃபா ஒரு சீரமைப்புக் குழுவை அனுப்பியது. 2021 மார்ச் 27 அன்று, கராச்சியில் பெண்களுக்கான தேசியப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, எதிர்க்கோஷ்டி லாகூர் தலைமையகத்துக்குள் புகுந்து குழுவை வெளியே அனுப்பியது. பெண்கள் போட்டி பாதியில் நின்றது. ஏப்ரலில் அடுத்த தடை. அணி மறுபடி களம் இறங்கியது 2022 நவம்பரில், காட்மாண்டுவில். நம்மவருக்கு 31 வயது முடிந்துவிட்டது. இந்த ஏழரை வருஷத்தில் நாட்டுக்காக அவர் ஆடியிருக்கக்கூடிய சீனியர் ஆட்டங்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். கட்டைவிரல் மிஞ்சும்.

சோற்றுக்கு என்ன செய்தார் என்றால், அங்கே வழக்கம் வேறு. கால்பந்து வீரனுக்குக் கிளப் சம்பளம் தராது, துறை தரும். மின்சாரம், தண்ணீருக்கான வாப்டா, ராணுவம், விமான நிறுவனம், எரிவாயு நிறுவனம், எல்லாவற்றுக்கும் அணி இருந்தது. யுரேனியம் செறிவூட்டும் கான் ஆய்வுக்கூடம் லீக் சாம்பியன் பட்டத்தைத் திரும்பத் திரும்ப வென்றிருக்கிறது! சிரிக்கலாம், ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. 2021இல் பிரதமர் இம்ரான் கான் துறை அணிகளை இழுத்து மூடச் சொன்னார். 1992 கிரிக்கெட் உலகக் கோப்பையைத் தூக்கிய கை அது. அடுத்த அரசு 2022இல் உத்தரவைத் திருப்பிக்கொண்டது. அதற்குள் எத்தனை அடுப்பு அணைந்தது என்று எந்தக் கோஷ்டியும் வழக்குப் போடவில்லை. நாட்டின் பிரீமியர் லீக்கோ 2018–19 பருவத்துக்குப் பிறகு முழுதாக நடந்திருக்கவில்லை.

அதே நாட்டின் சியால்கோட்டில் கையால் பந்து தைப்பவரைப் பார்த்தால் இந்தக் கோபம் இரட்டிப்பாகும். இரண்டு துண்டுகளை மரக்கிடுக்கியில் கவ்வவைத்து, கிடுக்கியை முழங்கால்களால் நெருக்கி, மெழுகு பூசிய நூலை இரண்டு ஊசியில் கோத்து, தோள் வரைக்கும் இழுத்து இறுக்குவார். 32 துண்டு சேர்ந்தால் ஒரு பந்து. அந்த ஊர் ஆலைகள் இப்போது தையலில்லாத பந்தும் செய்கின்றன. 2014, 2018, 2022 உலகக் கோப்பைகளுக்குப் பந்து அங்கிருந்து போனது. பந்துக்கு விசா கேட்பாரில்லை. ஆட்டக்காரனுக்கு உண்டு. 2023 ஜூனில் பெங்களூருவில் இந்தியாவோடு ஆட்டம். விசா கடைசி நேரத்தில் வந்ததால், மொரீஷியஸிலிருந்து கிளம்பிய அணி ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்னால்தான் வந்து சேர்ந்தது. தூங்காத கண்ணோடு 4–0 வாங்கினார்கள். இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து அடித்த கோல்கள் என்று கணக்கில் எழுதிக்கொள்ளலாம், இந்திய அணித் தலைவர் சேத்ரியின் மூன்றைக் கழித்துவிட்டு.

அதே வருஷம் அக்டோபர் 17, இஸ்லாமாபாத், ஜின்னா மைதானம். ஹாரூன் ஹமீது ஒரு கோல் போட்டார், கம்போடியா தோற்றது. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் பாகிஸ்தானின் முதல் வெற்றி, 1989இலிருந்து முயன்று கிடைத்தது. அரங்கமே கத்தியது. நம்மவரும் கத்தியிருப்பார், டிக்கெட் கிடைத்திருந்தால். ஒன்றேகால் வருஷம் கழித்து, 2025 பிப்ரவரியில், சங்க விதிகளைத் திருத்த மறுத்ததற்காக மூன்றாவது தடை. அது மார்ச்சில் நீங்கியது. மே மாதம் தேர்தலும் நடந்து புதுத் தலைவர் வந்தார்.

வாழ்த்துச் சொல்ல நம்மவர் தலைமையகத்துக்குப் போகிறார் என்று வையுங்கள். வாசலில் நிற்கும் ஆள் அவரை ஏற இறங்கப் பார்ப்பார். எந்த இடத்தில் ஆடினாய், எத்தனை ஆட்டம் ஆடினாய் என்றா கேட்பார்?

“நீங்க எந்தக் கோஷ்டி?”