முந்நூறு ரூபாய் வெளிச்சம்

எங்கள் பக்கத்துத் திருடர்களை லேசாக நினைத்துவிடக் கூடாது. நாமக்கல் பைபாஸில் லாரியை ஓரங்கட்டிவிட்டு டிரைவர் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போகிற கைகள் அவை. தோட்டத்து மோட்டாருக்குப் போகும் கேபிளை அறுத்து, மேல்தோலை எரித்து, செம்பை மட்டும் எடைக்குப் போடத் தெரிந்தவர்கள். அப்படித் தொழில் தெரிந்த ஒருவன் ராசிபுரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் என் ஒன்றரை ஏக்கருக்கு வந்து, மோட்டார் ரூம் பூட்டை உடைத்து, கேபிளை விட்டுவிட்டு, ஸ்டார்ட்டரையும் விட்டுவிட்டு, ஆணியில் தொங்கிய டார்ச் லைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

கேபிள் அலுமினியம். விலை குறைவு என்று நான் தேடிப் பிடித்து வாங்கியது. கத்தியை வைத்ததுமே அவனுக்கு என் மொத்தச் சரித்திரமும் விளங்கியிருக்கும். இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் நம்மைத்தான் அசிங்கமாக நினைப்பார்கள் என்று டார்ச்சை எடுத்திருக்கிறான்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாமா என்று வீட்டில் கேட்டேன். "தாராளமாப் போயிட்டு வாங்க. என்ன காணாமப் போச்சுன்னு கேட்டா, சுத்தி ஆள் இல்லாதப்ப மெதுவாச் சொல்லுங்க" என்றாள் வீட்டுக்காரி. டீக்கடையிலும் மரியாதை இல்லை. "கேபிளுங்களா? மோட்டாருங்களா?" என்று பதைபதைத்துக் கேட்டவர், மூணு கட்டை டார்ச் என்றதும் பேப்பரில் விட்ட இடத்தைத் தேடப் போய்விட்டார்.

அது என் அப்பா காலத்துப் பித்தளை டார்ச். மேட்டூர் அணை திறந்த அதே 1934-ல்தான் கல்கத்தாவில் எவரெடி கம்பெனியும் பதிவாயிற்று. ஒன்று கரண்ட் தருவதற்கு, இன்னொன்று அந்தக் கரண்ட் போனால் தருவதற்கு என்று பேசி வைத்துக்கொண்டது போலப் பிறந்திருக்கின்றன. மேட்டூரில் அணையும் அனல் மின் நிலையமும் வைத்திருக்கும் சேலத்துக்காரர்கள், 2012-ல் ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் இருட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டோம். அப்போதெல்லாம் வீட்டைக் காத்தது இந்தப் பித்தளைதான். அப்பா காலத்தில் கட்டைகள் தீர்ந்துபோனால் அவர் அவற்றைக் கூரைமேல் வெயிலில் காய வைத்து இன்னும் ரெண்டு ராத்திரி வேலை வாங்குவார். அதற்கும் அப்புறம் உடைத்துக் கரிக்குச்சியை எடுத்து நாங்கள் சுவரில் எழுதுவோம். உரித்த துத்தநாகத் தகட்டைத் தவிர அந்த வீட்டில் எதுவும் வீணானதில்லை.

இப்போது எதற்கு டார்ச் என்று கேட்கலாம். பெங்களூரில் இருக்கும் பையனும் அதைத்தான் கேட்டான். "செல்லுலயே லைட் இருக்குதேப்பா." இருக்கிறது. 2003-ல் நோக்கியா 1100 வந்தபோது அதன் உச்சியில் ஒரு குட்டி விளக்கு இருந்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது, எங்கள் ஊரில் பாதிப் பேர் பேசுவதற்கு வாங்கினார்களா, பம்புசெட்டுக்குப் போக வாங்கினார்களா என்று இன்றுவரை தீர்மானமாகவில்லை. கிணற்றில் விழுந்தாலும் மனசு தாங்கும் விலை. இப்போது பையன் வாங்கிக் கொடுத்திருக்கும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு கிணற்று மேட்டில் எட்டிப் பார்க்க எனக்கு நெஞ்சுத் துணிவு கிடையாது.

கிணற்று மேட்டுக்குப் போகாமலும் இருக்க முடியாது. 1990 முதல் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் மோட்டார் கரண்ட் இலவசம். இலவசமாக வருகிறவரை ஏன் இந்த நேரத்தில் வந்தீர்கள் என்று கேட்கக் கூடாது. த்ரீ பேஸ் பகலில் கொஞ்சம் வரும், மீதியை நடுராத்திரியில் கொண்டுவந்து கொட்டும். அந்த நேரத்தில் வரப்பில் நான் மட்டும் நடப்பதில்லை. கண்ணாடி விரியனும் நடக்கிறது. கட்டுவிரியன் ராத்திரிக்கென்றே பிறந்தது. வழியில் யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்த்துக் கால் வைப்பதற்கு ஒரு வெளிச்சம் வேண்டும்.

பட்ஜெட் கூட்டம் அடுப்படியில் நடந்தது. கட்டையோடு சேர்த்து முந்நூறு ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா இல்லை என்று ஒதுக்கீடு ஆனது. தொலைத்தவருக்கு இதுவே அதிகம் என்பது நிதித் துறையின் குறிப்பு.

சேலம் சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு எலக்ட்ரிக் கடைக்குள் நுழைந்தேன். கல்லாவில் இருந்தவன் எழுந்து நின்றான். என்னிடம் பத்தாம் வகுப்பில் பௌதிகம் படித்தவன். ஒளியியலில் நான் போட்ட முட்டையை அவன் மறக்கவில்லை என்பது அடுத்த கேள்வியிலேயே தெரிந்தது. "எத்தனை லூமன்ஸ்ல பாக்கட்டுங்க சார்?"

வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு ஒளியை நடத்தியவனுக்கு அது ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.தான், அதன்மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூசியிருக்கிறார்கள், அந்த நீலத்தைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும்தான் 2014-ல் பௌதிக நோபல் என்று ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் பதினைந்து வாட் பல்புக்கு வந்த பெரியவர் ஒருவர், "நோபலு அப்புறம் வாங்கிக்கலாமுங்க, எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றார்.

என் மாணவன் டார்ச்சுகளை வரிசையாக எடுத்து வைத்தான். ஒவ்வொரு பெட்டியிலும் தூரம் போட்டிருந்தது. ஒன்று ஐந்நூறு மீட்டர் போகுமாம், இன்னொன்று ஒரு கிலோமீட்டர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டிகளைப் படித்தேன். 2009-ல் அமெரிக்காவில் டார்ச்சுக்கு ஒரு தரக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். அதன்படி தூரம் என்றால், வெளிச்சம் கால் லக்ஸாகத் தேய்ந்துபோகும் இடம். கால் லக்ஸ் என்பது தெளிந்த வானத்தில் பௌர்ணமி நிலா தருகிற அளவு. ஆக, யோக்கியமாக அளந்து ஒரு கிலோமீட்டர் என்று போட்டிருந்தாலும், அந்தத் தூரத்தில் கிடைப்பது வெறும் நிலவொளி. மாதத்துக்கு ஒரு ராத்திரி இலவசமாக வருவதை நான் முந்நூறு கொடுத்து வாங்கவேண்டும்.

எரியும் நேரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆரம்பத்தில் எரிந்த பிரகாசம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறவரை எரிவதாகவே அர்த்தம். ரிடையரான வாத்தியாருக்கு இது பெரிய ஆறுதல். இந்தக் கணக்குப்படி நான் இன்னும் சர்வீஸில்தான் இருக்கிறேன்.

பேட்டரியில் இன்னும் கூத்து. 18650 என்று விரல் தண்டிக்கு ஒரு லித்தியம் பேட்டரி. பதினெட்டு மில்லிமீட்டர் விட்டம், அறுபத்தைந்து நீளம், அதுதான் பெயர். அந்த அளவு உருளைக்குள் நல்ல கம்பெனிகளே 3500 மில்லி ஆம்பியர் மணி பக்கம் வந்து மூச்சு வாங்குகின்றன. கடையில் இருந்த பெயர் தெரியாத ஒன்றின்மேல் 9900 என்று அடித்திருந்தது. "இதுல 9900 எப்படிப்பா அடங்கும்?" என்றேன். "ஸ்டிக்கர்ல அடங்கிருச்சுங்களே சார்" என்றான். இவனுக்கா முட்டை போட்டேன்!

சுவரில் சொருகும் பின்னோடு சார்ஜ் டார்ச் ஒன்றும் காட்டினான். உள்ளே லெட் ஆசிட் பேட்டரி. மறந்துபோய்ச் சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் போட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் சொருகினாலும் குடிக்காது. மறந்துபோவது எங்கள் குடும்பத்தில் பரம்பரை என்பதால் அதை வைத்துவிட்டேன்.

உண்மையில் என் மனசு அஞ்சு கட்டை டார்ச் ஒன்றின்மேல் போய் உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊரில் டார்ச் வாங்கிய ஆம்பளை முதலில் செய்வது, அடுத்தவர் தோட்டத்துத் தென்னை உச்சியில் வெளிச்சம் படுகிறதா என்று அடித்துப் பார்ப்பது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வருஷக்கணக்காக என் மரத்துக் குரும்பைகளை அடித்து அடித்து எண்ணிக்கொண்டிருக்கிறார். பதிலடி கொடுக்க எனக்கு வேறு ஆயுதம் இல்லை. ஆழமான ரிஃப்ளெக்டர் வெளிச்சத்தைக் குவித்து ஒல்லிக் கோடாக அனுப்பும். தூரம் போகும், ஆனால் காலடியில் பரவாது. இதெல்லாம் தெரிந்தும் போனில் வீட்டுக்காரியிடம் நைசாகக் கேட்டேன். விலை ஒதுக்கீட்டைத் தாண்டுகிறது, ஆனால் தென்னை உச்சிவரை பளிச்சென்று தெரிகிறது என்றேன்.

"ஏனுங்க, விரியன் தென்ன மரத்து உச்சியிலயா படுத்திருக்குது?"

ஒன்றும் வாங்காமல் திரும்பினேன். செவ்வாய்க்கிழமை புதன்சந்தைக்குப் போனேன். புதன்சந்தை மாட்டுச் சந்தை செவ்வாய்க்கிழமை கூடுவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ரோட்டோரம் சாக்கு விரித்துப் பழைய டார்ச்சுகளைக் குவித்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். குவியலைக் கிளறினேன், என் பித்தளை இருக்கிறதா என்று. இருந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. என்னுடையது என்று சொன்னால் நம்பமாட்டார். விலை பேசினால் முந்நூறுக்குள் முடியுமா என்று சந்தேகம். 2019-ல் மக்கள் நீதி மய்யத்துக்குக் கொடுத்த டார்ச் லைட் சின்னம், 2021 தேர்தலுக்கு முன்னால் வேறொரு கட்சிக்குப் போய், பிறகு கமல்ஹாசனுக்கே திரும்பி வந்தது. கைவிட்டுப்போன டார்ச் திரும்பக் கிடைத்ததாக எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அதற்குத் தேர்தல் கமிஷன் வரை போகவேண்டியிருந்தது.

கடைசியில் வாங்கியது நான் இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போன வீட்டுக்காரி, திரும்பும்போது மஞ்சள் பையில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். விடியலுக்கு முன்னால் மல்லிகை பறிக்கிறவர்கள் நெற்றியில் கட்டிக்கொள்வார்களே, அந்த எலாஸ்டிக் பட்டை லைட். சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், கட்டை வேண்டாம். பேரம் பேசியதில் மீதி விழுந்த பணத்துக்குக் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் வந்திருந்தன.

தூரம் போகாது. தென்னை நடுமரம்வரைகூட ஏறாது. அண்ணனின் குரும்பைகள் இனி எண்ணப்படாமலே இருக்கும். ஆனால் காலடி அகலமாகத் தெரிகிறது, தலை திரும்புகிற பக்கம் வெளிச்சமும் திரும்புகிறது. தொந்தரவு என்றால், யாரையும் முகம் பார்த்துப் பேச முடியாது. ராத்திரி எதிரே வந்த அண்ணனைப் பார்த்து வணக்கம் சொன்னேன். அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு வாய்க்காலில் இறங்கிவிட்டார். ஊரில் உள்ள ஈசல் எல்லாம் என் மூக்கின்மேல் வந்து விழுகின்றன. அதைப் புகாராகச் சொல்லத்தான் தாழ்வாரத்துக்கு வந்தேன்.

"மூஞ்சியத் திருப்புங்க, கண்ணு கூசுது" என்றாள். திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் ஏதோ கணகணவென்று சத்தம் கேட்டது. மாட்டுத் தண்ணிக் குடம் ஒன்று இடது கையிலும் தவிட்டுக் கூடை ஒன்று வலது கையிலும் வந்து ஏறின.

"போகும்போது இதையும் கொண்டுபோயிருங்க. ரெண்டு கையும் சும்மாதானுங்களே இருக்குது."