வேலை போன கோட்டை

சேந்தமங்கலத்துப் பாளையக்காரர்களுக்குக் கொல்லிமலை கூப்பிடு தூரம். ஒளிய நினைத்தால் ஒரு படையையே ஒளித்து வைக்கலாம். ஆனாலும் கோட்டை எழும்பியதென்னவோ நாமக்கல்லில், ஊர் நடுவே மொட்டையாக நிற்கும் சுமார் 200 அடிப் பாறை உச்சியில். கட்டியவர் சேந்தமங்கலம் ராமச்சந்திர நாயக்கர் என்பது ஒரு கட்சி. இல்லை, மைசூர் அதிகாரி லட்சுமிநரசிம்மய்யா என்பது மறு கட்சி. ஊர் மக்கள் இருவரையும் விட்டுவிட்டு, 'திப்பு சுல்தான் கோட்டை' என்று சொல்லிப் பஞ்சாயத்தை முடித்துவிட்டார்கள். எங்கு பார்த்தாலும் தங்கள் பெயரில் கல்வெட்டுத் திறக்கும் பிரமுகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பாறைக்குக் கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே ஆள் வந்தாகிவிட்டது. எட்டாம் நூற்றாண்டில் அதியர் குலத்துக் குணசீலன் குடைவித்த குகையில், கிழக்கே அரங்கநாதர் பள்ளிகொண்டார். மேற்குக் குகையில் நரசிம்மர். தலைக்கு மேலே கொடி எத்தனை முறை மாறினாலும் அரங்கநாதர் புரண்டுகூடப் படுக்கவில்லை.

கொடி மாறத்தான் செய்தது. 1768-ல் கர்னல் வுட்டின் கும்பெனிப் படை வந்து கோட்டையைப் பிடித்தது. ஆண்டு முடிவதற்குள் மைசூரின் ஹைதர் அலி திரும்பப் பிடுங்கிக்கொண்டார். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு, சேலம் சீமையோடு சேர்த்து இதையும் கும்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். ஏழே ஆண்டில் திப்புவும் மாண்டார். கும்பெனிக் கையில், மைசூர்ப் படை வருகிறதா என்று பார்ப்பதுதான் கோட்டையின் உத்தியோகம். வர யாரும் இல்லாமல் போகவே வேலை போயிற்று.

வேலை போன பிறகுதான் கோட்டைக்குக் கூட்டம். தென்மேற்கே பாறையில் வெட்டிய ஒடுக்கமான படிகளில் சிலர் உச்சிப் பெருமாளைக் கும்பிட ஏறுகிறார்கள், சிலர் அங்கேயே உள்ள தர்காவில் துவா கேட்க ஏறுகிறார்கள். பெரும்பாலோர் சும்மா ஏறுகிறார்கள். சுவரைக் கெடுத்தால் தண்டனை என்கிறது தொல்லியல் துறைப் பலகை. சுவரில் இன்று பாய்ந்திருக்கும் அம்பெல்லாம் இதயப் படத்தில் குத்தியவைதான். துப்பாக்கி நீட்ட விட்ட துளைகளில் கைப்பேசி நீள்கிறது. குறியில் சிக்குவது முட்டை லாரி.

வுட்டும் ஹைதரும் படையோடு வந்து பிடித்த கோட்டையை, பொரிகடலைப் பொட்டலத்தோடு வரும் பிள்ளைகள் ஞாயிறுதோறும் பிடிக்கிறார்கள். திருப்பிக் கொடுக்க உடன்படிக்கை எதுவும் வேண்டாம். சாயங்காலம் காவலாளி ஒரு அதட்டல் போட்டால் போதும்.