தலை வெடிக்கலாம், அரசியல் கூடாது

அமெரிக்காவில் ஓரளவு பெரிய ஊர் எதிலும் இவரைப் பார்க்கலாம். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. சாய்வு சோபா, சுவரை அடைக்கிற டிவி, மடியில் சிப்ஸ் பை. 2019 ஜூலையில் அமேசான் பிரைமில், சூப்பர் ஹீரோக்களைக் கிண்டல் செய்கிற ‘தி பாய்ஸ்’ தொடர் வந்ததிலிருந்து விடாமல் பார்க்கிறார். முதல் எபிசோடிலேயே ஏ-ட்ரெய்ன் என்ற மின்னல் வேகக்காரன் ஒரு பெண்ணின் மேல் மோதி ஓடிவிட, அவளுடைய இரண்டு கைகள் மட்டும் காதலன் ஹ்யூயியின் கையில் மிஞ்சின. அப்போதும் நம்மவர் கை பைக்கும் வாய்க்குமாகப் போய்வந்துகொண்டுதான் இருந்தது.

ரத்தம் இவருக்குத் தக்காளிச் சட்னி. இரண்டாம் சீசனில் விசாரணை மண்டபத்தில் வரிசையாகத் தலைகள் வெடித்தபோது “கிராபிக்ஸ் அருமை” என்றார். அதே சீசனில், மீம் போட்டு ஆள் சேர்க்கிற ஸ்டார்ம்ஃப்ரன்ட் என்ற வீராங்கனை பழைய ஜெர்மனியின் அசல் நாஜி என்று தெரியவந்ததும்தான் முகம் கோணியது. “நல்லாத்தானே போயிட்டிருந்தது? எதுக்கு இதுல அரசியலைக் கொண்டாந்து நுழைக்கிறாங்க?”

இவருடைய இஷ்ட தெய்வம் ஹோம்லேண்டர். தோளில் கழுகு, முதுகில் கொடி, கண்ணில் லேசர். நடுவானில் தத்தளித்த விமானத்தைப் பயணிகளோடு கைவிட்டுப் பறந்தவன். அப்புறம் கடற்கரையில் உடைசல்களுக்கு நடுவே நின்று தேசபக்தி சொற்பொழிவு ஆற்றியவன். “ஒத்த ஆள் எத்தனை பேரைத்தான் தூக்குவான்?” என்பது நம்மவர் வாதம். விமானத்தை ஓட்ட முடியாதபடி கருவிகளைப் பொசுக்கியதே அவன் லேசர்தானே என்று கேட்டால், தண்ணீர் குடிக்க எழுந்துபோய்விடுவார்.

ஹோம்லேண்டரில் டிரம்ப்பின் சாயல் உண்டு என்று தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கி பேட்டிகளில் பச்சையாகவே சொல்லிவிட்டார். இதற்குமேல் ஒரு மனிதன் என்னதான் செய்வான்? டிரம்ப் ஆதரவு ஊர்வலத்துக்கே ஒருவர் ஹோம்லேண்டர் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தார்.

இவர் மரமண்டை என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்தவர் மேல் விழுகிற கிண்டல் சட்டென்று பிடிபடும். போராட்டத்தை வைத்தே குளிர்பானம் விற்ற ஒரு நிஜ விளம்பரத்தை, ஏ-ட்ரெய்னை வைத்து மூன்றாம் சீசனில் வாரினார்களே, அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார். “இந்த முற்போக்குக் கூட்டத்துக்கு நல்லா வேணும்!”

பக்கத்தில் இருந்த அண்ணன் மகன் சிரிக்கவில்லை. அவனும் ஒரு வகைதான். தொடரில் இந்த ஹீரோக்களை வைத்துக் காசு பார்க்கிற வாட் நிறுவனம் ஒரு வீராங்கனையின் காதல் வாழ்க்கைக்கு வானவில் சாயம் பூசிச் சரக்காக்கியதைப் பார்த்து, “கார்ப்பரேட் பித்தலாட்டம்” என்று கொதித்தவன். அப்போது அவன் போட்டிருந்தது அமேசானில் வாங்கிய ‘தி பாய்ஸ்’ டீ-ஷர்ட்.

தொடரும் ஒன்றும் யோக்கியமில்லை. வார்ப்பு அச்சுகளைக் கிண்டல் செய்துகொண்டே தானும் அவற்றைப் புழங்குகிறது. ஆசியப் பெண் என்றால் வாய் பேசாத கொலைக்கருவி. அந்த கிமிகோ வாயிலிருந்து ஒரு சொல் வர நான்காவது சீசன் முடிய வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரனை எல்லோரும் கூப்பிடுகிற பெயரே ‘பிரெஞ்சி’. இதிலெல்லாம் சித்தப்பாவுக்கும் பையனுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

மூன்றாம் சீசனின் கடைசிக் காட்சி. கூட்டத்தில் ஒருவன் ஹோம்லேண்டரின் மகன் மேல் எதையோ வீசுகிறான். அடுத்த நொடி அவன் தலை சிதறுகிறது. கூட்டம் உறைந்து நிற்கிறது. டாட் என்ற பக்தர் முதல் ஆளாகக் கூச்சல் போட்டுக் கொண்டாட, அப்புறம் ஊரே ஆர்ப்பரிக்கிறது. ஊரோடு சேர்ந்து நம்மவரும் சோபாவில் கை தட்டினார், சிப்ஸ் சிதறியது.

2024இல் நான்காம் சீசன். அதே டாட்டைத் தன் ஆட்களை விட்டு அடித்தே கொல்ல வைக்கிறான் ஹோம்லேண்டர். பிணத்தை வைத்து எதிர்த்தரப்பின் மேல் பழி போட வேண்டுமே! பையன் ஓரக்கண்ணால் சித்தப்பாவைப் பார்த்தான்.

நம்மவர் உச்சுக்கொட்டினார். “இப்படியும் சில ஏமாளிங்க இருக்கத்தான் செய்யறாங்கடா. கண்ணை மூடிக்கிட்டு ஒருத்தனை நம்பினா வேற என்ன ஆகும்? சரி, அடுத்த எபிசோடைப் போடு.”