ராஜா ஏறாத ரதம்

மிலானில் பிறந்த எட்டோரே புகாட்டி, 1909-இல் அல்சாஸின் மோல்ஷைமில் கார் பட்டறை போட்டார். பந்தயக் கோப்பைகள் குவிந்தன, கூடவே தலைக்கனமும். பிரேக் பிடிக்கவில்லை என்று வந்தவரிடம், "நான் கார் செய்வது ஓடுவதற்கு, நிற்பதற்கல்ல" என்றாராம். குளிரில் வண்டி கிளம்பவில்லை என்றவருக்கு, சூடேற்றிய ஷெட்கூட இல்லாத உமக்கெல்லாம் புகாட்டி எதற்கு என்று அர்ச்சனை. அப்போது நுகர்வோர் நீதிமன்றம் இல்லை, பிழைத்தார்.

அடுத்து, ராஜாக்களுக்கு மட்டும் கார் செய்வேன் என்று கிளம்பினார். பெயர் ராயல். எஞ்சின் 12.7 லிட்டர், இன்றைய சின்னக் கார்கள் ஒரு டஜனை உருக்கி ஊற்றியதுபோல. ஆறு மீட்டருக்கு மேல் நீளம். மூக்கின்மேல், சிற்பியான தம்பி ரெம்பிராண்ட் வடித்த யானை, பின்னங்காலில் நின்றபடி. வாங்குகிறவனுக்கு அதைவிட நேர்மையாக எச்சரிக்கை கொடுத்திருக்க முடியாது.

25 வண்டிகள் செய்வதாகத் திட்டம். ஆனால் முதல் உலகப் போரிலேயே ஐரோப்பிய மகுடங்கள் பல உருண்டுவிட்டன. மிச்சமிருந்தவர்கள் பணப்பையைத் திறப்பதற்குள் 1929 பங்குச்சந்தைச் சரிவு வந்தது. அல்பேனிய மன்னர் ஜோக் கேட்டும் புகாட்டி கொடுக்கவில்லை, அவர் சாப்பிடும் லட்சணம் பிடிக்கவில்லை என்றொரு கதை உண்டு. பொய்யாக இருந்தாலும் ஆளுக்குப் பொருத்தமான பொய்.

செய்தது ஆறு. விற்றது மூன்று. வாங்கியவர்கள்: ஒரு துணி வியாபாரி, ஒரு பிரசவ டாக்டர், ஒரு ஆங்கிலேயப் பணக்காரர். துணிக்காரர் ஆர்மான் எஸ்டர், இரவில் ஓட்டமாட்டேன், ஹெட்லைட்டே வேண்டாம் என்றார். முதலாளிக்கேற்ற வாடிக்கையாளர்!

மிஞ்சிய எஞ்சின்களை வண்டிக்கு இரண்டு அல்லது நான்காக ரயில்பெட்டிகளில் மாட்டினார்கள். 1933-இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவரே அதில் ஏறிப் போனார். ராஜாவுக்குச் செய்ததில் ராஜாவை ஒழித்த நாட்டின் தலைவர்! கம்பெனிக்குக் கஞ்சி ஊற்றியதும் அந்த ரயில்தான்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானைக்கு இரண்டாவது ஆயிரம் மட்டும்தான். டாக்டரின் வண்டி நியூயார்க்கில் பழைய இரும்புக் கடை வரை போய்த் தப்பி, இப்போது ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. விற்காத வண்டிகளை இரண்டாம் உலகப் போரில் சுவரெழுப்பி மறைத்தது குடும்பம். எட்டோரே 1947-இல் இறந்தார். பிறகு அவற்றில் இரண்டை அமெரிக்கப் பந்தய வீரர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் வாங்கினார். கொடுத்த விலையில் ஃபிரிட்ஜும் சேர்த்தி என்கிறார்கள். அந்த இரண்டில் ஒன்று 1987-இல் லண்டனில் 55 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. ஃபிரிட்ஜ் என்ன ஆனதென்று யாரும் விசாரிக்கவில்லை.