வடக்கே வைன், மேற்கே கடல்

வா கண்ணு, உட்காரு. நீ அனுப்புன எக்செல் ஷீட்டைப் பார்த்தேன். மூணு கலர் அடிச்சு, கட்டம் கட்டமா, கல்யாண மொய் நோட்டு தோத்துச்சு போ. ஏழு நாள்ல நந்தி மலை, திராட்சைத் தோட்டம், மங்களூரு, உடுப்பி, முருடேஸ்வரா, கோகர்ணா, ஜோக் அருவி. காசியை ஏன் விட்டே? கோவிச்சுக்கப் போறாரு விஸ்வநாதரு.

முதல் நாளை மட்டும் ரெண்டு தரம் படிச்சேன். விடியக்காலம் நந்தி மலையில சூரியோதயம், 11 மணிக்கு தொட்டபள்ளாபுராவுல வைன் ருசி பார்க்கிறது, ராத்திரி மங்களூருல மீன் சாப்பாடு. நந்தி நம்ம பெங்களூருக்கு வடக்கே 60 கிலோமீட்டர். மங்களூரு மேற்கே 350. தொட்டபள்ளாபுராவுலருந்து தாபஸ்பேட்டைக்குக் குறுக்கால ரோடு கிடக்கு, ஹெப்பாள் நெரிசல்ல சிக்கிக்கிட்டு நிக்க வேணாம், அது சரி. ஆனா வைன் குடிச்ச வாயோட, அரைத் தூக்கத்துல, இருட்டுல ஷிராடி காட் மலைப்பாதையில இறங்குறது யாரு? அந்தக் கட்டத்துக்கு நீ கலரே அடிக்கலையே.

அந்த வைன் கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கிளாஸைச் சுத்தணும், மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்கணும், வாயில வச்சுக் கொப்பளிச்சுத் துப்பணும், அதுக்குக் காசும் குடுக்கணும். நம்மூருல கொப்பளிச்சுத் துப்புறதுக்கு வேப்பங்குச்சி சும்மாவே கிடைச்சுது. சரி, துப்புறவன் புத்திசாலின்னே வச்சுக்கோ. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டுனா முதல் தடவைக்கே கோர்ட்டுல 10,000 ரூபாய் தீட்டலாம், ஆறு மாசம் வரைக்கும் உள்ளேயும் வைக்கலாம். நாலு பேரு போறீங்க, நாலு பேரும் ருசி பார்க்கிறவங்க. ஸ்டீயரிங்குக்கு ஆள் எங்க?

இன்னொண்ணு. அங்க போயி ‘பெங்களூரு ப்ளூ’ திராட்சையில செஞ்ச வைன் குடுன்னு பெருமையா கேட்டுறாதே. 2013-லேயே அந்தத் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வாங்கிட்டாங்க. நம்ம கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-லதான் வந்துச்சு. ஆனா பெங்களூரு ப்ளூ தோல் தடிச்ச, விதை உள்ள, புளிப்புக் கருப்புத் திராட்சை. ஜூஸ், ஜாம், கொஞ்சம் இனிப்புப் போர்ட் வைன், அதோட சரி. நீ மோந்து பார்க்கப் போறது ஷிராஸ், கேபர்னேன்னு கப்பலேறி வந்த கொடிங்க. உள்ளூர்க்காரன் கூடையில ரோட்டோரம் நிக்கிறான், வெளியூர்க்காரனுக்குத்தான் ஏசி ரூம். உங்க ஆபீஸ்லயும் அப்படித்தானேடா?

அதை விடு. எந்த மாசம் போட்டிருக்கே? ஜூலை! அட என் ராசா!

ஜூலையில கொடியில இலையைத்தான் எண்ணலாம். இங்க ஏப்ரல்ல ஒரு கவாத்து, செப்டம்பர் அக்டோபர்ல இன்னொரு கவாத்து, பழம் அறுக்கிறது பிப்ரவரி மார்ச்சுல. கடலுக்குப் போனா அலை உன்னை இறங்க விடாது. மல்பேயிலருந்து செயின்ட் மேரீஸ் தீவுக்குப் படகும் ஓடாது. மீனு? ஜூன் 1-லருந்து ஜூலை 31 வரைக்கும் 61 நாள் அந்தக் கரையில விசைப்படகுக்குத் தடை. நம்ம கிழக்குக் கரைத் தடை ஏப்ரல் 15-ல தொடங்கி ஜூன் 14-ல முடிஞ்சிரும். அதனால நீ மங்களூருல உட்கார்ந்து சப்புக்கொட்டித் தின்னப் போறது நம்ம தமிழ்நாட்டு ஐஸ்பெட்டி மீனா இருந்தாலும் இருக்கும். அதுக்கு 350 கிலோமீட்டர் டீசல். ஜோக் ஒண்ணுதான் ஜூலையில ஜோரா இருக்கும். 1964-ல லிங்கனமக்கி அணை வந்ததுக்கு அப்புறம் மழைக்காலம் விட்டா அங்க பாறைதான். ஆக, ஏழுல ஒண்ணு பாஸ். பள்ளிக்கூடத்துலயும் நீ இப்படித்தான்.

இதை மட்டும் சிரிக்காம கேளு. நான் கிருஷ்ணகிரியிலருந்து மாங்காய் ஏத்திக்கிட்டுப் போயி, திரும்ப மங்களூர் ஓடு ஏத்திக்கிட்டு வந்த ரோடு அந்த மங்களூரு ரோடு. சக்லேஷ்பூர் தாண்டுனா மழை கண்ணாடியில விழாது, கண்ணாடியைச் சாத்தும். எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல இறங்குன்னு எங்க குருசாமி டிரைவர் மண்டையில கொட்டிச் சொல்லிக் குடுத்தாரு. பிரேக்கை மட்டும் நம்பி இறங்குறவனை வாசனையிலயே கண்டுபிடிச்சிருவோம், கருகுன ரப்பர் மாதிரி. உன் ஆட்டோமேட்டிக் காருலயும் கியரைக் குறைச்சுப் பிடிக்க வழி இருக்கு, காரோட குடுத்த புஸ்தகத்தைப் பிரிச்சுப் பாரு. மழையில மலையையும் நம்ப முடியாது. 2024 ஜூலை 16-ந் தேதி, கோகர்ணாவுக்கு வடக்கே அங்கோலா பக்கம் ஷிரூருல மலை சரிஞ்சு, ரோட்டோர டீக்கடையை அப்படியே கங்காவளி ஆத்துக்குள்ள தள்ளிருச்சு. மரம் ஏத்திக்கிட்டு வந்த கேரளா லாரிக்காரப் பையனை 71 நாள் கழிச்சு, செப்டம்பர் 25-ந் தேதி, லாரியோடதான் எடுத்தாங்க. டீ குடிக்க ஓரம் கட்டுற ரோடு அது. நானும் கட்டியிருக்கேன்.

அதனால ஷீட்டைத் திருத்து. மாசம் பிப்ரவரி. வைனை ஒரு சனிக்கிழமைக்குத் தனியா வச்சுக்கோ, வாடகைக் காரு பிடிச்சுக்கோ, துப்பாமலேயே குடி. ஜோக்கை அடிச்சுரு. மங்களூரு போன அன்னிக்கு வேற எதையும் எழுதாதே. நீர்தோசையும் பங்குடே வறுவலும் தின்னுட்டுப் படு. பங்குடேன்னா நம்ம கானாங்கெளுத்திதான், பேரைக் கேட்டு மிரளாதே. உடுப்பி தாண்டி, குந்தாபுரா தாண்டி மரவந்தேன்னு ஒரு இடம். இடது கைப் பக்கம் கடல், வலது கைப் பக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவுல ரோடு. நீ அதுக்கு 20 நிமிஷம் போட்டிருக்கே, போட்டோவோட சேர்த்து. அரை நாள் போடு.

அப்புறம் அந்த ஸ்டீயரிங் சமாச்சாரம். எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு, ஓட்ட முடியாது. ஆனா எந்த வளைவுல ஹாரன் அடிக்கணும்னு பக்கத்துல உட்கார்ந்து சொல்ல முடியும். உங்க ஆயாகிட்ட நீயே பேசிக்கோ. கிளம்புற அன்னிக்குக் காலையில 4 மணிக்கு நான் கீழே கேட் பக்கத்துல நிப்பேன். முன் சீட்டு எனக்கு.